லாபத்தின் மிச்சமும் பொருளின் மிச்சமும்

மதுரையிலிருந்து ராஜபாளையம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் டி. கல்லுப்பட்டியைக் கடந்து, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே பிரியும் சாலையில் வத்திராயிருப்பையும் தாண்டிச் சென்றால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல் அணைகளின் தண்ணீரை நம்பி நெல்லும் தென்னையும் மாவும் விளைவிக்கும் கூமாப்பட்டி என்னும் ஊரை அடையலாம். சுற்றுவட்டாரத்து விவசாயிகளும், சதுரகிரி யாத்திரைக்காக அந்தத் திசையில் வருவோரும் தவிர வேறு பலர் அறியாதிருந்த இவ்வூரின் பெயர், 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கைபேசிக் காணொளிகளின் வாயிலாகத் தமிழகமெங்கும் பரவி, அணையையும் தோப்புகளையும் காண வெளியூரார் திரண்டு வரும் நிலை உண்டாயிற்று. ஆனால் விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும், ஊர்க் கடைகளில் சரஞ்சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளும் பிஸ்கட் உறைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் அன்றாடம் விற்கவே செய்கின்றன. அவை காலியானபின் வாய்க்கால் கரையிலும் தோப்பு ஓரத்திலும் கிடக்கவே செய்கின்றன. தொலைவிலுள்ள பெருநகரங்களின் ஆலைகளிலிருந்து வரும் இச்சரக்குகளின் லாபம் அங்கேயே கணக்கில் ஏறிவிட, உறை மட்டும் இங்கே தங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டில், பொருளைச் செய்தவருடைய கடமை எதுவரை நீள்கிறது, அதை நமது சட்டமும் நமது வியாபார மரபும் எவ்வாறு வகுத்திருக்கின்றன என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் விஷயம்.

தொழிலதிபர்களுக்குச் சமுதாயத்தின்பால் ஒரு கடமை உண்டு என்ற கருத்தை 1953-ல் ஹோவர்டு போவன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு நூலாகவே எழுதி விவாதத்துக்குக் கொண்டுவந்தார் என்றாலும், அக்கடமையை ஒரு கணக்கு விகிதமாகச் சட்டத்தில் பொறித்த முதல் நாடுகளுள் ஒன்று இந்தியாதான். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, ஓராண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள ஒவ்வொரு கம்பெனியும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டின்கீழ், அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு 25,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது. அதில் பெரும்பங்கு கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறையும், அரசு மருத்துவமனைக்குக் கருவியும், ஊருக்குக் குடிநீர்த் தொட்டியும் இந்தப் பணத்தால் கிடைத்திருக்கின்றன. இதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

ஆயினும் இச்சட்டத்தையும் இதன் விதிகளையும் நிதானமாக வாசிப்போர் ஒரு விசித்திரமான வேலியைக் காண்பார்கள். கம்பெனி தன் வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்யும் எந்தக் காரியமும் சமூகப் பொறுப்புச் செலவாகக் கருதப்படாது என்பது ஒரு விதி. வேறு எந்தச் சட்டத்தின் கீழும் ஏற்கெனவே செய்தாக வேண்டிய கடமையை நிறைவேற்றும் செலவும் சேராது என்பது, 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளில் தெளிவாக்கப்பட்ட மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தக்க காரணம் உண்டு. தன் சொந்த வியாபாரச் செலவையும், அபராதத்துக்கு அஞ்சிச் செய்யும் வேலையையும் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ள எவரையும் அனுமதிக்கலாகாது. ஆனால் இவ்வேலியின் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனி தன் பாக்கெட்டின் அமைப்பையே மாற்றி, காலியானபின் மீண்டும் உருக்கத் தகுந்த ஒற்றைப் பொருளால் செய்தால், அது வழக்கமான தொழில். சமூகப் பொறுப்பில் இடமில்லை. விற்ற பாக்கெட்டைத் திரும்பச் சேகரித்தால், அது பிளாஸ்டிக் கழிவு விதிகளின் கட்டாயம், அதற்கும் இடமில்லை. அதே கம்பெனி தொலைவிலுள்ள ஒரு ஊரில் மரக்கன்று நட்டால் அதற்கு மட்டும் இடம் உண்டு. தன் வீட்டுக் குப்பையை அடுத்தவர் வாசலில் விட்டுவிட்டுக் கோயிலுக்கு விளக்கேற்றுகிறவரின் பக்தியைப்போல, கடமையின் இதயமான பகுதி கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது. லாபம் எண்ணி முடிந்தபின் தொடங்குவது நமது நாட்டின் நிறுவனச் சமூகப் பொறுப்பு. பொருள் உருவாவதற்கு முன்பே தொடங்கவேண்டியது, கழிவை மீண்டும் மூலப்பொருளாக்கும் சுழற்சிப் பொருளாதாரம். முன்னது லாபத்தின் மிச்சத்தைப் பங்கிடுகிறது. பின்னது பொருளின் மிச்சத்தைப் பற்றிக் கேட்கிறது. இரண்டும் ஒரே ஆண்டறிக்கையில் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகின்றன என்பதால் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடலாகாது.

பொருளின் மிச்சத்தைப் பற்றிக் கேட்ட ஒரு தமிழர் இந்த நெடுஞ்சாலையிலேயே வாழ்ந்திருக்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயராகத் தேர்ந்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்று, பின்னர் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய ஜே.சி. குமரப்பா, தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார், 1960-ல் மறைந்தார். சிறையில் அவர் எழுதி, 1945-ல் காந்தியடிகளின் முன்னுரையுடன் வெளிவந்த நூல், நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்ற கேள்வியை எழுப்பியது. பூமிக்குள் ஒரு முறை மட்டுமே சேமித்து வைக்கப்பட்ட நிலக்கரியையும் எண்ணெயையும் போன்றவற்றைச் செலவழித்து வாழ்வது ஒரு வகை. மழையும் வெயிலும் ஆண்டுதோறும் கொடுப்பதைப் பெற்று, பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தந்து வாழ்வது மற்றொரு வகை என்று அவர் பிரித்தார். ஒட்டுண்ணியாக வாழ்வதிலிருந்து சேவையாக வாழ்வது வரை பொருளாதாரத்தின் படிகளை ஐந்தாக வகுத்ததும் அந்நூலில்தான். கென்னத் போல்டிங் பூமியை ஒரு விண்கலமாகக் கருதிப் பொருளாதாரம் எழுதியது 1966-ல். பிரிட்டனின் டேவிட் பியர்ஸும் கெர்ரி டர்னரும் சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயரைத் தம் பாடநூலில் பயன்படுத்தியது 1990-ல். சீனா அதைச் சட்டமாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2009-ல். இவற்றுக்கெல்லாம் முன்னரே நம் கணக்காயர் ஒருவர் ஐந்தொகையில் ஏறாத செலவு எது என்று கேட்டுவிட்டார். தொழில் பெருக்கத்தை அவர் பார்த்த பார்வை முழுவதும் இன்று ஏற்கத்தக்கதல்ல. கூமாப்பட்டியின் கூலிக்காரப் பெண்ணுக்கு ஆலைத் துணியும் ஆலை மருந்தும் தேவைதான். ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேரும் என்று இரு முனையையும் ஒரே கணக்கில் எழுதச் சொன்ன அவருடைய முறை இன்றும் கூர்மை குன்றாதது. அம்முறையில் இவ்வட்டாரத்தின் சில பொருள்களைப் பார்க்கலாம்.

முதலில் பஞ்சு. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவியதிலிருந்து இவ்வூர் நூற்பாலைகளின் ஊராகவே வளர்ந்தது. உயர்ந்த ரக நூல் நூற்கும் ஆலையில், பஞ்சைக் கோம்பர் இயந்திரம் சீவும்போது நீண்ட இழைகள் முன்னே போக, குட்டை இழைகள் தனியே கழிந்து விழுகின்றன. ஆலைக்காரர்கள் நாயில் என்று சொல்லும் இக்கழிவு, இயந்திரத்தில் இடும் பஞ்சில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு முதல் இருபது பங்கு வரை இருக்கும். மெல்லிய சட்டைத் துணிக்கு உதவாத இக்குட்டை இழை, காரத்தில் வேகவைத்து அதன் மெழுகுப் பசையை நீக்கி வெளுத்துவிட்டால், தண்ணீரைக் கண்டவுடன் உறிஞ்சும் மருத்துவப் பஞ்சாகிவிடுகிறது. ராஜபாளையமும் அதன் அருகிலுள்ள சத்திரப்பட்டியும் மருத்துவப் பஞ்சுக்கும் பேண்டேஜ் துணிக்கும் நாடறிந்த இடங்களானதற்கு இந்த அண்மை ஒரு முக்கிய காரணம். ஓர் ஆலையின் கழிவு அடுத்த தெருவின் மூலப்பொருளாயிற்று. சத்திரப்பட்டியின் விசைத்தறிகள் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ மாநிலங்களின் மருத்துவமனைகளுக்குப் போகிறது. இதை எந்தக் கம்பெனியும் சமூகப் பொறுப்பு அறிக்கையில் எழுதுவதில்லை, எழுத வேண்டியதும் இல்லை; நாயிலுக்கு விலை உண்டு, வாங்குபவர் அருகில் இருக்கிறார், அதனால் பொருள் தானே நகர்கிறது. விலையும் அண்மையும் சேர்ந்தால் சுழற்சிக்கு உபதேசம் தேவைப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் இம்மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இக்கதைக்கு இன்னும் இரண்டு பக்கங்கள் உண்டு. பஞ்சை வேகவைத்து வெளுக்கத் தண்ணீரும் காரமும் வெளுப்பு மருந்தும் வேண்டும்; வெளியேறும் தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் நாயிலைக் காப்பாற்றி நிலத்தடி நீரை இழந்தவர்கள் ஆவோம். மேலும், காயத்தில் ஒட்டிய பஞ்சும் துணியும் மீண்டும் ஒருபோதும் ஆலைக்குத் திரும்பலாகாது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவை மஞ்சள் பைக்குள் இடப்பட்டு எரியுலைக்குப் போகின்றன. அங்கே சுழற்சி முடிகிறது, முடிந்தே தீரவேண்டும். எல்லாப் பொருளையும் முடிவில்லாமல் சுற்றவிடலாம் என்று விளம்பரங்கள் சொல்லும்போது, ராஜபாளையத்துப் பஞ்சு அதை மறுத்து நிற்கிறது. கழிவைப் பயனாக்குவது ஒரு காரியம். பயன் முடிந்தபின் அதைக் கேடின்றி அடக்கம் செய்வது வேறொரு காரியம். இரண்டையும் பொறுப்பாகச் செய்தால்தான் கணக்கு முழுமையாகும்.

கூமாப்பட்டிப் பக்கத்துத் தோப்புகளின் தேங்காய்க்கும் இதே கணக்கைப் போடலாம். பருப்பு எண்ணெய்க்குப் போக, சிரட்டை கரியாகி, அக்கரி தண்ணீர் வடிகட்டும் கரியாக மாற, மட்டை நாராகிக் கயிறாகிறது. நாரைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் தூள், நார் ஆலைகளின் முற்றத்தில் சிறு குன்றாகக் குவிந்து, மழையில் கரைந்து சாய நீரைக் கசியவிட்டுக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைத் தாங்கும் தன்மை அத்தூளுக்கு உண்டென்று தெரிந்தபின், அது கழுவப்பட்டு, கட்டிகளாக அழுத்தப்பட்டு, வெளிநாட்டு நாற்றங்கால்களுக்குக் கப்பலேறுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமோ சிப்பிக்காளான் வித்தையும் சிறிது யூரியாவையும் அடுக்கடுக்காகச் சேர்த்து அதை மட்கவைத்து எருவாக்கும் முறையை விவசாயிகளுக்குக் கற்றுத் தந்தது. கப்பலேறும் தூள் வருமானம் தருகிறது, எருவான தூள் மண்ணுக்குத் திரும்புகிறது. குமரப்பாவைக் கேட்டிருந்தால் இரண்டாவதையே விரும்பியிருப்பார் என்று நம்புகிறேன். அடிவாரத்துச் செம்மண் ஈரத்தைத் தேக்கிவைக்கத் தவிக்கும் கோடையைக் கண்டவன் என்ற முறையில் என் விருப்பமும் அதுவே.

சிமெண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விருதுநகரை அடுத்த ராமசாமிராஜா நகரில் சிமெண்டு ஆலை உண்டு. தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் உண்டு. நிலக்கரி எரிந்தபின் மிஞ்சும் சாம்பலை நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பத்தைந்து பங்கு வரை சிமெண்டில் கலக்க இந்தியத் தர விதி இடமளிக்கிறது. கலந்த அளவுக்குச் சுண்ணாம்புக் கல்லை வெட்டுவதும் சுடுவதும் குறைகின்றன. இங்கும் லாபமே உந்து சக்தி. ஆனால் அதன் பின்னே 1999 முதல் மத்திய அரசு விடுத்துவந்த சாம்பல் உபயோக அறிவிப்புகளின் கட்டாயமும் நிற்கிறது.

இனிக் கடைத்தெருவுக்கு வருவோம். 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் கலர் பானம் தென்மாவட்டங்களின் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் பல தலைமுறைகளாக இடம்பெற்றது. அக்காலத்துக் கண்ணாடிப் பாட்டில் கடைக்காரரின் சொத்தும் அல்ல, குடிப்பவரின் சொத்தும் அல்ல. குடித்து முடித்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு வரவேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோனால் முன்பணம் கட்டவேண்டும். காலிப் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வண்டியேறி ஆலைக்குத் திரும்பி, கழுவப்பட்டு, மீண்டும் நிரம்பின. உள்ளிருக்கும் பானத்தைவிடப் பாட்டிலின் விலை அதிகம் என்பதால் முதலாளி அதை விட்டுவிடத் துணியவில்லை. சுற்றுச்சூழல் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே, பொருளின் மிச்சத்துக்கு அதைச் செய்தவரே உரியவராக இருந்த ஓர் ஏற்பாடு இது. பாட்டில் தூக்கியெறியும் அளவுக்கு மலிவான பிளாஸ்டிக்காக மாறியபோது, அந்த உரிமை முதலாளியின் கையிலிருந்து நழுவி, யாருடையதும் அல்லாத பொருளாகத் தெருவில் விழுந்தது.

பாக்கெட்டின் கதை இதற்கு நேர் எதிரானது. அதுவும் தமிழகத்தின் கதையே. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பெரிய பாட்டில் வாங்க முடியாதவரும் வாங்கும்படி ஷாம்பு முதலியவற்றைச் சிறு பாக்கெட்டில் அடைக்கும் எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலுடன் தொடங்கிய சிக் ஷாம்பு அவ்வெண்ணத்தைக் கிராமந்தோறும் கொண்டுசேர்த்தது. பின்னர் பன்னாட்டு நிறுவனங்களும் அவ்வழியே நடந்தன. தினக்கூலி வாங்கும் பெண் அன்றைய தேவைக்கு அன்றைய காசில் ஒரு நல்ல பொருளை வாங்க முடிந்தது. இந்த நன்மை சிறியதன்று. பணக்காரர் வீட்டுக் குளியலறைக்கு மட்டும் உரியதாயிருந்ததை எல்லோருக்கும் உரியதாக்கிய அறிவுக்கு நாம் மரியாதை செலுத்தியே ஆகவேண்டும். ஆனால் அப்பாக்கெட்டு பலவகைப் பிளாஸ்டிக்கும் சில வேளை அலுமினியமும் மெல்லிய தாள்களாக ஒன்றோடொன்று ஒட்டப்பட்டது; ஒட்டியதைப் பிரிப்பது எளிதல்ல, பிரிக்காமல் உருக்குவதில் பயனில்லை. தண்ணீர்ப் பாட்டில்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டுபோனால் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுக் காசு கொடுப்பார்கள். ஷாம்பு பாக்கெட்டுச் சாக்கை அக்கடைக்காரர் வேண்டாமென்று திருப்பிவிடுவார். நாயிலுக்கு இருந்த விலையும் இதற்கு இல்லை, அண்மையும் இல்லை. ஆகவே கூமாப்பட்டியின் வாய்க்கால் ஓரத்தில் கிடப்பதை ஊர்க்காரரின் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் சொல்லிவிடுவது அறிவீனமாகும். திரும்பிப் போக வழியில்லாததாகவே அப்பொருள் வடிவமைக்கப்பட்டது.

உற்பத்தியாளரின் பொறுப்பை விற்பனையோடு நிறுத்தாமல் பொருளின் முடிவு வரை நீட்டவேண்டும் என்ற கொள்கையை 1990-ஐ ஒட்டி ஸ்வீடன் நாட்டுத் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் முன்வைத்தார். 1991-ல் ஜெர்மனி உறைகளுக்கு அதைச் சட்டமாக்கியது. இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கு முதலில் வந்த அக்கொள்கை, 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி அறிவிப்பின் வாயிலாகப் பிளாஸ்டிக் உறைகளுக்கு விரிவான வடிவம் பெற்றது. சந்தைக்கு அனுப்பிய உறையின் எடைக்கு ஈடாகச் சேகரிக்க வேண்டிய பங்கு 2021-22-ல் நூற்றுக்கு இருபத்தைந்தில் தொடங்கி 2023-24-ல் முழு நூறாயிற்று. அதில் மறுசுழற்சி செய்தாக வேண்டிய பங்கு, பாக்கெட்டுகளைப்போன்ற பல்லடுக்கு உறைகளுக்கு 2024-25-ல் முப்பது சதவீதத்தில் தொடங்கி 2027-28-ல் அறுபது சதவீதமாக உயரவேண்டும். மறுசுழற்சிக்கு ஆகாதவை தார்ச் சாலைக்கும் சிமெண்டு உலைக்கும் போகலாம். பிளாஸ்டிக்கைச் சாலைக்குக் கலக்கும் முறையை உருவாக்கி 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற ஆர். வாசுதேவன் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் என்பது நம் வட்டாரத்தின் பெருமை.

சட்டம் நன்று, ஆனால் அது இயங்கும் கருவி சான்றிதழ். பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் தாம் கையாண்ட எடைக்குச் சான்றிதழ் பெறுகிறார், உறை விற்கும் கம்பெனி அதை விலைக்கு வாங்கித் தன் கடமையைத் தீர்த்துக்கொள்கிறது. உறை எந்த ஊரில் விற்றதோ அந்த ஊரிலேயே அதைச் சேகரிக்கவேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. எடை எங்கே எளிதாகவும் மலிவாகவும் கிடைக்குமோ அங்கேயே, அதாவது நகரத்துக் குடோன்களின் அருகிலேயே, எல்லோரும் வாங்குவார்கள். மலையடிவாரத்து ஊரின் உறைக்கு அங்கே இடம் இராது. போதாக்குறைக்கு, கையாளாத கழிவைக் கையாண்டதாகக் காட்டி ஒரு சில ஆலைகள் உருவாக்கிய சுமார் ஆறு லட்சம் போலிச் சான்றிதழ்களை 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. சமூகப் பொறுப்புச் சட்டமும் கூமாப்பட்டியை இதேபோல் தவிர்த்துச் செல்கிறது. கம்பெனி தான் செயல்படும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்கிறது 135-ஆம் பிரிவு. ஆலை இருக்கும் இடத்தையே செயல்படும் இடமென்று நிறுவனங்கள் கொள்வது வழக்கம். விற்கும் இடம் அக்கணக்கில் வருவதில்லை. ஒரு சட்டம் எடையைப் பார்க்கிறது, மற்றொன்று முகவரியைப் பார்க்கிறது; உறை கிடக்கும் இடத்தை எதுவும் பார்ப்பதில்லை.

கட்டாயம் சரியான இடத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே இரண்டு உதாரணங்கள் உள்ளன. திருப்பூரின் சாயத் தண்ணீர் நொய்யலில் கலந்து, 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக் குட்டையாக்கியது. அக்காலத்திலும் திருப்பூரின் பெருந்தனக்காரர்கள் கல்விக்கும் கோயிலுக்கும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அக்கொடை ஆற்றைக் காக்கவில்லை. கீழ்மடை விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஊர் ஸ்தம்பித்தது, தொழிலாளர் குடும்பங்கள் பட்ட துன்பம் சொல்லி மாளாது. ஆனால் மீண்டும் திறந்த பட்டறைகள் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பை ஏற்றாக வேண்டியதாயிற்று. சாயத் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சுத்த நீராகவும், உப்பின் பெரும்பகுதி மீண்டும் சாயத் தொட்டிக்கு உகந்ததாகவும் திரும்பக் கிடைக்கிறது. மிஞ்சும் கலவை உப்பும் கசடும் இன்றும் தீராத பிரச்னையாகக் கிடங்குகளில் இருக்கின்றன. எனினும் இந்தியாவில் நெசவுத் தொழில் கண்ட மிகப் பெரிய தண்ணீர்ச் சுழற்சி அது. தீர்ப்பின் பயத்தாலும் தண்ணீரின் விலையாலும் உண்டானது.

இரண்டாவது உதாரணம் எளியது. மலைக்காடுகளில் வீசப்படும் மதுப் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதைக் கண்டு சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டதால், 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்தில் அரசின் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. பத்தில் ஒன்பது பாட்டிலுக்கு மேல் திரும்பி வந்தது; பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. மனிதர்கள் ஒரே நாளில் ஒழுக்கசீலர்களாகிவிடவில்லை. விருதுநகர்க் கலர் பாட்டிலுக்கு இருந்த முன்பணம் மீண்டும் வந்தது, அவ்வளவே. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் விளிம்பில், யாத்ரீகரும் சுற்றுலாப் பயணிகளும் வந்துபோகும் இடங்களில், தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இத்தகைய முன்பணம் வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அப்படியானால் நிறுவனச் சமூகப் பொறுப்புக்கு இதில் வேலையே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. விலை நகர்த்தாததையும் சட்டம் தொடாததையும் நகர்த்துவது அதன் இயல்பான வேலை. ராஜபாளையத்துக்கு இது புதிதல்ல. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராயிருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குத் தந்த ஊர் அது. கொடுக்கும் மனத்துக்கு அங்கே பஞ்சம் இருந்ததில்லை. கொடையைப் பொருளின் பாதையில் எங்கே வைப்பது என்பதே இன்றைய கேள்வி. உள்ளாட்சியின் தூய்மைப் பணியாளர்கள் அள்ளும் மட்காத குப்பையில் தண்ணீர்ப் பாட்டிலும் அட்டையும் விற்றுப்போக, எஞ்சும் பாக்கெட்டுகளும் உறைகளும் மிக லேசானவை. எடை ஏறுமுன் லாரி நிறைந்துவிடுவதால், தொலைவிலுள்ள உலைக்கோ சாலைக்கோ அவற்றை அனுப்பும் வாடகை கட்டுப்படியாவதில்லை. அவற்றை அழுத்திக் கட்டும் இயந்திரமும், மழை படாத ஒரு தரம்பிரிக்கும் கூடமும், அதில் நிற்கும் பெண்களுக்குக் கையுறையும் மருத்துவப் பாதுகாப்பும் கூலிக்குக் குறையாத வருமானமும் இருந்தால் அக்கணக்கு மாறும். இவை எந்தக் கம்பெனியின் வழக்கமான தொழிலும் அல்ல, கம்பெனிகளுக்கு விதித்த கட்டாயமும் அல்ல. துப்புரவும் சுற்றுச்சூழலும் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஏற்கெனவே இருப்பதால் இரண்டு சதவீதப் பணம் சட்டப்படியே இங்கே வரலாம்.

உறை விற்கும் கம்பெனியையும் இங்கே கொண்டுவர இரண்டு சிறு திருத்தங்கள் போதும் என்று நினைக்கிறேன். 135-ஆம் பிரிவு சொல்லும் சுற்றுப்புறத்தில் ஆலையிருக்கும் ஊரோடு சரக்கு விற்கும் ஊரும் அடங்கும் என்று விளக்கவேண்டும். பிளாஸ்டிக் சான்றிதழில் எடையோடு, அது எந்த வட்டத்தில் சேகரிக்கப்பட்டது என்ற ஒரு பத்தியும் சேர்க்கவேண்டும். நகரத்துக் குடோனில் கிடைத்த ஒரு டன்னைவிட, வத்திராயிருப்பு வட்டத்தில் அள்ளிக் கட்டி அனுப்பிய ஒரு டன்னுக்குக் கூடுதல் மதிப்பு வைத்தால், இதுவரை யாரும் வேண்டாத ஷாம்பு பாக்கெட்டுச் சாக்குக்கு, அதை அள்ளும் பெண்ணின் கைக்குப் போய்ச் சேரும் ஒரு விலை உண்டாகும். அந்தக் கூடுதலை எவ்வளவு என்று நிர்ணயிக்க லாரி வாடகையும் ஒரு நாள் கூலியும் தெரிந்தால் போதும். இரண்டும் வத்திராயிருப்புச் சந்தையில் விசாரித்தாலே கிடைக்கும்.